மாற்றம் செய்த டர்போ வண்டி மிதிக்கும்போது திணறுகிறதா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடியுங்கள்

ஸ்டாக் நிலையில் (கம்பெனியிலிருந்து வந்தபடியே) இருக்கும் டர்போ வண்டி திணறினால் ஏதோ ஒரு பாகம் கெட்டிருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். மாற்றம் செய்த வண்டியில் அப்படி இல்லை. எல்லாப் பாகமும் நல்ல நிலையில் இருக்கும், ஆனால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. பூஸ்டை (டர்போ காற்றை அழுத்தும் அளவை) ஏற்றியிருப்போம், பிளக் பழைய இடைவெளியிலேயே இருக்கும். பெரிய இன்டேக் குழாய் போட்டிருப்போம், எஞ்சினை நடத்தும் கணினியான ஈசியூவுக்கு அது தெரியாது. அதனால்தான் பம்ப், காயில், சென்சார் என்று ஒவ்வொன்றாக வாங்கி மாட்டியும் திணறல் போகாமல் பலர் நொந்துபோகிறார்கள். எந்த நிலைமையில் திணறுகிறது என்று சரியாகச் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை. பெட்ரோல் எஞ்சினை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த கியர், எத்தனை ஆர்பிஎம், பெடல் எவ்வளவு மிதித்தீர்கள், அப்போது பூஸ்ட் எவ்வளவு, எஞ்சின் சூடா குளிரா. கூடவே, திணறல் தொடங்குவதற்கு முன்னால் வண்டியில் கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றித் துடைத்து மாட்டியதாக இருந்தாலும் எழுதுங்கள். அங்கே கழன்ற ஒரு வேக்கம் ஹோஸ்தான் காரணமாக இருக்கும், நாம் மூன்று வாரம் ட்யூனை (ஈசியூவில் மாற்றி எழுதிய அமைப்பை) குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

டர்போ லேக் வேறு, திணறல் வேறு. மிதித்ததும் இழுவை மெதுவாக ஆனால் சீராக ஏறினால் அது லேக், பெரிய டர்போ போட்டதன் விலை. இழுவை ஏறும் வழியில் தடுக்கி விழுந்து எழுந்தாலோ, ஏறிய இழுவை நடுவில் அறுந்தாலோதான் நாம் தேடுவது.

லாக் எடுக்காமல் ஆரம்பிக்க வேண்டாம்

லாக் என்பது ஓடும்போது சென்சார்கள் சொல்லும் எண்களின் பதிவு. வண்டியின் கணினியோடு இணையும் ஒரு ஓபிடி ஸ்கேனரும் லாக் பதிவு செய்யும் செயலியும் போதும், ட்யூன் மென்பொருளிலேயே லாக் வசதி இருந்தால் இன்னும் நல்லது. ஆர்பிஎம், பெடல் கோணம், த்ராட்டில் கோணம், மேனிஃபோல்ட் அழுத்தம் (ஈசியூ கேட்டதும் உண்மையில் கிடைத்ததும்), லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு: 1-க்கு மேல் லீன், அதாவது பெட்ரோல் குறைவு; 1-க்குக் கீழ் ரிச், பெட்ரோல் அதிகம்), ஷார்ட் டெர்ம் மற்றும் லாங் டெர்ம் ஃப்யூல் ட்ரிம் (ஈசியூ தானாகச் செய்யும் பெட்ரோல் திருத்தம்), இக்னிஷன் டைமிங், நாக் ரிட்டார்ட் (கலவை தப்பாக வெடிக்கும்போது ஈசியூ டைமிங்கைப் பின்வாங்கும் அளவு), உள்ளே போகும் காற்றின் வெப்பநிலை, எரிபொருள் அழுத்தம். இத்தனையும் வேண்டும். டைனோவிலோ (வண்டியை நின்ற இடத்தில் உருளைகள் மேல் ஓட்டும் கருவி) மூடிய பாதையிலோ எடுங்கள். சாலையில் ஓட்டிக்கொண்டே லேப்டாப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

ஒன்று மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன்: முழு பூஸ்டில் லாம்ப்டா 0.9-க்கு மேல் ஏறுவதையோ நாக் எண்கள் எகிறுவதையோ பார்த்தால் அதே இடத்தில் காலை எடுங்கள். இன்னொரு முறை உறுதி செய்துகொள்ளலாம் என்று மிதிக்காதீர்கள். அந்த இன்னொரு முறையில்தான் பிஸ்டன் போகும்.

பூஸ்ட் ஏறிய பிறகு படபடவென்று மிஸ் அடிக்கிறது

சும்மா ஓட்டினால் வெண்ணெய் மாதிரி ஓடும். நாலாவது கியரில் முழுதாக மிதித்தால் 3500 ஆர்பிஎம் தாண்டியதும் படபடவென்று வெட்டும், காலைக் கொஞ்சம் தளர்த்தினால் சரியாகிவிடும். பூஸ்டை ஏற்றிய வண்டிகளில் மிக அதிகமாக வருவது இதுதான், பெரும்பாலும் காரணம் பொறி.

இரண்டு மின்முனைகளுக்கு நடுவே பொறி தாவ எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது அங்கே இருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் சேர்த்துப் பொறுத்தது. பாஷென் 1889-லேயே இதைக் கண்டுபிடித்து எழுதிவிட்டார். பூஸ்ட் ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அதே இடைவெளியைத் தாண்டக் காயில் இன்னும் அதிக வோல்ட் தர வேண்டும். அதன் எல்லை தாண்டினால் பொறி வராது, அல்லது பிளக் பீங்கானின் வெளிப்பக்கம் வழியே தப்பித்துக்கொள்ளும். ஸ்டாக்கில் 0.8 முதல் 1.1 மி.மீ. வரை இருக்கும் இடைவெளியை பூஸ்ட் ஏற்றிய வண்டிகளில் 0.6 அல்லது 0.7 மி.மீ. ஆகக் குறைப்பது இதனால்தான்.

என் வண்டியில் இது எப்படி வந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் இதில் பலர் விழும் ஒரு பள்ளம் இருக்கிறது. பூஸ்டை 0.7 பாரிலிருந்து 1.2 பாருக்கு ஏற்றியிருந்தேன். 3800 ஆர்பிஎம்மில் வெட்ட ஆரம்பித்தது. லாக்கைப் பார்த்தால் வெட்டும் இடத்தில் வைட்பேண்ட் லாம்ப்டா சென்சார் லீன் காட்டியது. லீன் என்றால் பெட்ரோல் போதவில்லை, பம்ப் பற்றவில்லை என்று முடிவு செய்து அந்த இடத்தில் எரிபொருளைக் கூட்டினேன். இன்னும் மோசமானது. மறுபடியும் கூட்டினேன், இன்னும் மோசம். அப்புறம்தான் உறைத்தது: லாம்ப்டா சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. பொறி விழாத சிலிண்டரில் எரியாமல் போன காற்று அப்படியே எக்ஸாஸ்டுக்கு வரும்போது அதிலுள்ள ஆக்சிஜனைக் கண்டு லீன் என்று சொல்கிறது. உண்மையில் கலவை ரிச்சாக இருந்தது, நான் அதை மேலும் ரிச் ஆக்கி இருந்த கொஞ்சநஞ்சப் பொறியையும் அணைத்துக்கொண்டிருந்தேன்.

பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது சிலிண்டர் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், மேலிருந்து கீழாக, பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. பொறி உள்ளே தாவாமல் வெளியே அந்த வழியாக ஓடியிருக்கிறது. காயிலின் ரப்பர் பூட்டுக்குள்ளும் அதே கோட்டின் ஜோடி இருந்தது. இடைவெளியை அளந்தால் 0.9. புது பிளக், 0.65 மி.மீ., அந்த ஒரு பூட்டை மட்டும் மாற்றினேன், கூட்டிய எரிபொருளைத் திரும்பக் குறைத்தேன். வெட்டு அன்றோடு போனது.

நீங்கள் செய்ய வேண்டியதும் இதே வரிசைதான்: பிளக்கைக் கழற்று, பீங்கானைப் பார், இடைவெளியை அள. இரிடியம் பிளக்கில் நடு மின்முனை ஊசி போல மெல்லியது, அதை நெம்பி இடைவெளி வைத்தால் உடைந்துவிடும். பக்கவாட்டு முனையை மட்டும் மெதுவாகத் தட்டி, கம்பி கேஜ் வைத்து அளக்கவும். பூஸ்டைக் கணிசமாகக் கூட்டியிருந்தால் ஒரு படி குளிர்ச்சியான (வெப்பத்தை வேகமாக வெளியேற்றும்) பிளக்குக்கு மாறுவதையும் யோசியுங்கள். இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் மிஸ் அடித்தால் (ஸ்கேனரில் பி0301, பி0302 என்று பிழைக் குறியீடு வந்து எந்த சிலிண்டர் என்று அதுவே சொல்லும்) அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடும் கூடவே நகர்ந்தால் காயில் போய்விட்டது. நகராமல் அங்கேயே நின்றால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் பக்கம் திரும்புங்கள்.

இழுவை குறைவு, உஸ் என்று சத்தம், பின்னால் கறும்புகை

இது பூஸ்ட் கசிவு. கேட்ட அழுத்தம் 1.2 என்று லாக்கில் இருக்கும், கிடைத்தது 0.9-இல் நிற்கும், சில சமயம் பி0299 வரும். டர்போ அழுத்திய காற்று இன்டர்கூலர் குழாயில் எங்கோ வெளியே போய்விடுகிறது.

கசிவு எந்த இடத்தில் என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும், இதைப் புரிந்துகொண்டால் போனெட்டைத் திறக்காமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், சென்சார் காற்றை எண்ணி முடித்த பிறகு, டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில் கசிந்தால், எண்ணிய காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் விழும், காற்று மட்டும் வந்து சேராது. பூஸ்டில் ரிச், கறும்புகை. சென்சாருக்கும் டர்போவுக்கும் நடுவே ஓட்டை என்றால் எண்ணாத காற்று உள்ளே இழுக்கப்படும், லீன். த்ராட்டிலுக்குப் பிறகு மேனிஃபோல்டில் ஓட்டை என்றால் ஐடிலில் லீன், பூஸ்டில் ரிச் என்று இரண்டு முகம் காட்டும். மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை மட்டும் நம்பி ஓடும் வண்டியில் கலவை அவ்வளவாகக் கெடாது. டர்போதான் இழந்ததை ஈடுகட்ட அதிகமாகச் சுழன்று சூடாகும்.

கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, அழுத்திப் பார்க்க வேண்டும். டர்போவின் நுழைவாயில் குழாயைக் கழற்றி, அந்த வாயில் பொருந்தும் மூடி ஒன்றில் டயர் வால்வு பொருத்தி இறுக்குங்கள். கம்ப்ரஸரில் ரெகுலேட்டர் இருக்க வேண்டும். 0.3 பாரில் தொடங்கி மெதுவாக ஏற்றி, நீங்கள் ஓட்டும் பூஸ்ட் வரைக்கும் போனால் போதும், அதைத் தாண்ட வேண்டாம். மூடிக்கு நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள், பிய்த்துக்கொண்டு வந்தால் கண் போய்விடும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துக்கொண்டே போங்கள். மேலே தெரியும் இணைப்புகள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இன்டர்கூலரின் அடிப்பக்கம், கை நுழையாத இடத்தில், சிலிகான் கப்ளரின் ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக ஊதி உடையும். கிளாம்ப் குழாயின் மேட்டைத் தாண்டி உட்காராமல் மேட்டின் மீதே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான். எண்ணெய் படிந்த கப்ளரும் வழுக்கும், கழற்றி பிரேக் கிளீனரால் துடைத்து மாட்டினால் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் ஊற்றும் மூடி பக்கம் லேசாகக் காற்று கேட்டால் பயப்பட வேண்டாம், பிஸ்டன் ரிங் வழியாக ஓரளவு போகத்தான் செய்யும். பலமாக வந்தால் கிராங்க் கேஸ் வாயுவை இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வால்வைப் பாருங்கள், அது பூஸ்டில் மூடாமல் கிராங்க் கேஸை ஊதிக்கொண்டிருக்கும்.

சுவரில் மோதியது போல ஒரே அடியாக நின்றுவிடுகிறது

படபடப்பெல்லாம் இல்லை, இழுத்துக்கொண்டிருந்த வண்டி சட்டென்று அறுந்து தலை முன்னால் போகும். இது கோளாறு என்பதைவிட ஈசியூ எஞ்சினைக் காப்பாற்றுகிறது என்பதே சரி. பூஸ்ட் அனுமதித்த எல்லையைத் தாண்டியதும் எரிபொருளையோ பொறியையோ வெட்டுகிறது, பி0234 வரலாம்.

எல்லை ஏன் தாண்டியது என்பதுதான் கேள்வி. வேஸ்ட்கேட்டுக்கு (எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் வால்வு) போகும் ஹோஸ் வெடித்திருக்கலாம், கழன்றிருக்கலாம், பூஸ்ட் சொலினாய்டில் ஹோஸ்கள் இடம் மாறியிருக்கலாம். பெரிய டவுன்பைப், ஃப்ரீஃப்ளோ எக்ஸாஸ்ட் போட்ட பிறகு வந்தது என்றால் பூஸ்ட் க்ரீப்பாக இருக்கலாம்: வேஸ்ட்கேட் முழுக்கத் திறந்தும் அதன் துளை போதாமல் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக ஏறிக்கொண்டே போகும். அதற்கு மருந்து பெரிய வேஸ்ட்கேட் துளை, ட்யூன் இல்லை. சென்சாரின் எல்லையையும் மறக்காதீர்கள். 2.5 பார் மேப் சென்சார் என்பது முழு அழுத்தம், வளிமண்டலத்தின் 1 பாரைக் கழித்தால் சுமார் 1.5 பார் பூஸ்டோடு அதன் கண் மூடிவிடும். அதற்கு மேல் ஓட்ட வேண்டுமானால் 3 பார் சென்சார் போட்டு, அதன் அளவுகோலை ட்யூனிலும் மாற்ற வேண்டும். சென்சார் சிக்னலை ஏமாற்றி வெட்டை நிறுத்தும் சில்லறைக் கருவிகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். அந்த வெட்டுதான் உங்கள் எஞ்சினுக்குக் கடைசி காவல்.

லேசாக மிதிக்கும்போதே ஒரு கணம் செத்துப் பிழைக்கிறது

சிக்னலில் கிளம்பும்போது, நெரிசலில் பெடலைத் தொடும்போது வரும் திணறல் இது, பூஸ்டுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. ஃப்யூல் ட்ரிம்மைப் பாருங்கள். இரண்டு ட்ரிம்மும் சேர்ந்து 5 சதவீதத்துக்குள் இருந்தால் நலம், 10 தாண்டினால் தேட வேண்டும். ஐடிலில் கூடுதலாக இருந்து ஆர்பிஎம் ஏற ஏறக் குறைந்தால் வேக்கம் கசிவு. சுமை ஏற ஏறக் கூடினால் சென்சார் குறைத்து எண்ணுகிறது, அல்லது பெட்ரோல் போதவில்லை.

சென்சார் குறைத்து எண்ணுவதற்கு மாற்றம் செய்த வண்டியில் இரண்டு வழக்கமான காரணங்கள். ஒன்று, எண்ணெய் பூசிய ஃபில்டரிலிருந்து எண்ணெய் பறந்து சென்சார் கம்பியில் படிவது, அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவினால் போகும். இரண்டாவது, பெரிய இன்டேக் குழாய். சென்சார் தன் பக்கத்தில் போகும் காற்றை மட்டும்தான் உணர்கிறது, குழாயின் பரப்பை வைத்துத்தான் ஈசியூ மொத்தத்தைக் கணக்கிடுகிறது. 70 மி.மீ. குழாயை 80 மி.மீ. ஆக்கினால் பரப்பு சுமார் 30 சதவீதம் கூடும், சென்சார் சுமார் 23 சதவீதம் குறைத்துச் சொல்லும். அவ்வளவையும் ட்ரிம்மால் சரிக்கட்ட முடியாது, ட்யூனில் அளவுகோலை மாற்றியே ஆக வேண்டும்.

பெரிய இன்ஜெக்டர் போட்ட பிறகு வந்ததா? அப்படியானால் டெட் டைமை முதலில் பாருங்கள். மின்சாரம் வந்த பிறகு இன்ஜெக்டர் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம் அது, பெரும்பாலும் 1 மில்லி வினாடியை ஒட்டி இருக்கும், பேட்டரி வோல்ட் குறைந்தால் கூடும். ஐடிலில் மொத்தத் துடிப்பே 2 மில்லி வினாடிதான் என்றால் அதில் 0.2 தவறுவது 10 சதவீதத் தவறு. முழு சுமையில் 15 மில்லி வினாடி திறந்திருக்கும்போது அதே 0.2 கண்ணுக்கே தெரியாது. முழுதாக மிதித்தால் நன்றாக இழுத்து, மெதுவாக ஓட்டினால் திணறும் வண்டிகளின் கதை பெரும்பாலும் இதுதான். டெட் டைம் சரியான பிறகும் பெடலைத் தொட்ட அந்த முதல் கணத்தில் மட்டும் லீன் காட்டினால், ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட்டை (மிதித்த கணத்தில் சேர்க்கும் கூடுதல் பெட்ரோலை) கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள், டெட் டைம் தவறாக இருக்கும்போது என்ரிச்மென்ட்டை மாற்றினால் ஒரு தவறை இன்னொன்றால் மூடுவதாகிவிடும்.

மேல் ஆர்பிஎம்மில் இழுவை வாடி லீன் ஆகிறது

இதில்தான் எஞ்சின் சாகும், முதலில் பூஸ்டைக் குறைத்துவிட்டுப் பிறகு தேடுங்கள். (மிஸ் அடிக்காமல் சீராக லீன் ஆனால்தான் இந்தப் பகுதி. படபடத்துக்கொண்டே லீன் காட்டினால் மேலே சொன்ன பொறிக் கதைக்குத் திரும்புங்கள்.)

எரிபொருள் ரெகுலேட்டர் மேனிஃபோல்டோடு இணைந்த வண்டியில், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் ரெயிலின் அழுத்தம் பூஸ்ட் ஏறும் அதே அளவுக்கு ஏற வேண்டும். அடிப்படை 3 பார், பூஸ்ட் 1.2 பார் என்றால் அந்த நேரத்தில் 4.2 காட்ட வேண்டும். 3.6-இல் நின்றால் பம்ப் பக்கம் குறை. உடனே பம்ப் வாங்க ஓடாதீர்கள், பம்பின் கனெக்டரில் சுமையோடு வோல்ட் அளந்து பாருங்கள். ஆல்டர்னேட்டரில் 13.8 இருந்து பம்பில் 11.5 வந்தால் நடுவில் ஒயர், ரிலே, எர்த் எங்கோ தின்கிறது. பெரிய பம்பைப் பழைய மெல்லிய ஒயரிலேயே மாட்டியிருந்தால் இது நடப்பது சகஜம். அடைத்த ஃபில்டரும் இதே அறிகுறிதான். அழுத்தம் சரி என்றால் இன்ஜெக்டரைப் பாருங்கள்: 6000 ஆர்பிஎம்மில் நான்கு ஸ்ட்ரோக்கும் முடியும் ஒரு முழுச் சுழற்சிக்கு (கிராங்க் இரண்டு சுற்று) 20 மில்லி வினாடிதான் இருக்கிறது, இன்ஜெக்டர் 17-க்கு மேல் திறந்திருந்தால் 85 சதவீதம் தாண்டிவிட்டது, இனி கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டியில் ஹை பிரஷர் பம்ப் தனி, கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் பிரியும் இடத்தை லாக்கில் தேடுங்கள், பி0087 வந்தால் அதுவே சாட்சி.

கியர் மாற்றும்போது மட்டும்

காலை எடுத்து, கியர் மாற்றி, மறுபடி மிதிக்கும்போது ஒரு தடுக்கல், சில சமயம் டப் என்று ஒரு வெடி. மாஸ் ஏர்ஃப்ளோ வண்டியில் காற்றை வெளியே விடும் ப்ளோ ஆஃப் வால்வு போட்டிருந்தால் வேறெங்கும் தேடாதீர்கள். எண்ணிய காற்றை வெளியே விட்டுவிட்டு அதற்கான பெட்ரோலை மட்டும் உள்ளே தள்ளுகிறது. குழாயை மீண்டும் இன்டேக்குக்கே திருப்பி மாட்டுங்கள். சத்தம் போய்விடும், திணறலும் போய்விடும்.

சூடானால் மட்டும், அல்லது காலை அழுத்தியும் த்ராட்டில் மூடுகிறது

இரண்டு மூன்று முறை இழுத்த பிறகு மந்தமாகிறது என்றால் டைமிங்கும் உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் ஒரே வரைபடத்தில் இருக்கட்டும். வெப்பம் ஏற ஏற டைமிங் பின்வாங்கினால் இன்டர்கூலர் போதவில்லை அல்லது பெட்ரோலின் ஆக்டேன் ட்யூனுக்குக் குறைவு. பெடல் 100 காட்டும்போது த்ராட்டில் 60-க்கு மூடினால் அது டார்க் (திருப்பு விசை) எல்லை, ஈசியூ வேண்டுமென்றே மூடுகிறது. இதை உதிரிபாகத்தால் சரிசெய்ய முடியாது, ட்யூனரிடம் லாக்கை அனுப்புங்கள். பெரிய டர்போவில், குறைந்த ஆர்பிஎம்மில் உயர் கியரில் மிதித்தால் குபுகுபுவென்ற சத்தத்தோடு பூஸ்ட் ஆடினால் அது கம்ப்ரஸர் சர்ஜ், கியரைக் குறைத்து ஓட்டுங்கள், அந்த ஆர்பிஎம்மில் பூஸ்ட் இலக்கையும் குறைக்கச் சொல்லுங்கள்.

லாக்கில் எல்லாம் சரி, ஆனாலும்

ஆர்பிஎம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. கூடிய டார்க்கை ஸ்டாக் கிளட்ச் தாங்கவில்லை. மேல் ஆர்பிஎம்மில் மூச்சு முட்டினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம், லாம்ப்டா துளையில் அழுத்தக் கேஜ் வைத்துப் பாருங்கள். அதிக கிலோமீட்டர் ஓடிய டைரக்ட் இன்ஜெக்ஷன் எஞ்சின் குளிரில் திணறினால் இன்டேக் வால்வுகளில் கரி படிந்திருக்கும், அங்கே பெட்ரோல் படாததால் கழுவுவதற்கு ஆளில்லை. இதற்கும் பிறகு கம்ப்ரஷன் சோதனையும், சிலிண்டருக்குள் காற்றை அடைத்துக் கசிவைப் பார்க்கும் லீக் டவுன் சோதனையும்தான்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதும் ட்ரிம்களை அழித்துவிட்டு, கொஞ்ச தூரம் சாதாரணமாக ஓட்டி அவை நிலைக்க விடுங்கள், அப்புறம் அதே கியரில், அதே ஆர்பிஎம்மிலிருந்து, அதே அளவு பெட்ரோலோடு இன்னொரு லாக் எடுத்துப் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள். கோடு தடுக்கிய இடத்தில் இப்போது நேராக ஏறினால், பூஸ்டைப் பழைய அளவுக்குத் திரும்ப ஏற்றலாம், அதுவும் 0.1 பார், 0.1 பாராக.